ஆறு போல்ட்டும் ஒரு கையெழுத்தும்

போன கிழமை ஆலங்குடாவிலிருந்து ஒருவர் என் வீடு தேடி வந்தார். பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் பலகையில் சறுக்க வெள்ளைக்காரருக்குப் பழக்கிக் கொடுக்கிற இடத்தில் அவருக்கு வேலை. தன் மோட்டார் சைக்கிளை முழுதாகக் கழற்றிப் புதிதாகப் பூட்டிக்கொண்டிருக்கிறாராம். சட்டைப் பையிலிருந்து சின்னப் பொலித்தீன் பையொன்றை எடுத்து மேசையில் கொட்டினார். கத்தரிப்பூ நிறத்தில் ஆறு போல்ட்டுகள் மினுங்கிக்கொண்டு உருண்டன.

“முன் டிஸ்க்குக்கு, நானா. ஒரிஜினல்ல பாதிப் பாரங்கூட இல்ல.”

“என்னத்தால செஞ்சது?”

“அலுமினியம்.”

“இத நம்பர் தகட்டுக்குப் பூட்டுங்க. ப்ரேக்குக்கு வேணாம்.”

அவர் முகம் சுருங்கியது. கைபேசியை எடுத்து நீட்டினார். “பாருங்க, வாங்கின ஆக்கள் எல்லாரும் நாலு நட்சத்திரம் போட்டிரிக்காங்க.”

வாங்கிய அன்றே நட்சத்திரம் போடுகிறவர்களை நான் என்ன செய்ய. ப்ரேக் டிஸ்க் போல்ட்டுக்கு நட்சத்திரம் போடுவதென்றால் எங்கள் கடற்கரையில் இரண்டு மழைக்காலம் ஓடிவிட்டுத்தான் போட வேண்டும். அதுவும் போடுகிறவர் நடந்து வந்து போட வேண்டும். இதை அவரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, தேத்தண்ணீரையும் குடித்துவிட்டு, போல்ட்டுகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு போனார். அவற்றைப் பூட்டத்தான் போகிறார் என்பது அவர் போன விதத்திலேயே தெரிந்தது.

கராஜ் வேலையிலிருந்து நின்ற பிறகு என்னிடம் வந்து இதே கேள்வியைக் கேட்ட எத்தனையாவது ஆள் அவர் என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு தடவையும் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன். இனி வருகிறவரிடம் இந்தத் தாளைக் கொடுத்துவிட்டு நான் லுஹர் தொழப் போய்விடலாம்.

நான் எருக்கலம்பிட்டிக்காரன். தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்களை விரட்டியபோது உடுத்த துணியோடு வள்ளத்தில் வந்து கற்பிட்டியில் இறங்கியவர்களில் ஒருவன். ரோட்டோரக் கராஜொன்றில் நின்று வேலை பழகினேன். அந்த வருடங்களைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அப்போது ஓடிய மோட்டார் சைக்கிள்களுக்கு டிஸ்க் ப்ரேக் கிடையாது. போல்ட்டு வேண்டுமென்றால் பழைய பால்மா டின்னுக்குள் கையை விட்டுத் துழாவுவோம். ஓட்டைக்குள் போய் இறுகினால் அதுதான் அதற்குரிய போல்ட்டு. இறுகாவிட்டால் இன்னொன்று. இப்படித்தான் இருபது வருடத்துக்குக் கிட்ட வேலை செய்தேன். யாரும் சாகவில்லை என்பதை என் கெட்டித்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

யுத்தம் முடிந்தது. வடக்கே ரோடு திறந்தது. எல்லாருக்கும் மோட்டார் சைக்கிள் தேவைப்பட்டது. பாலாவிச் சந்திக்குக் கிட்ட ஒரு கொம்பனி பெரிய சேர்விஸ் நிலையமொன்றைத் திறந்து என்னையும் வேலைக்கு எடுத்தது. அங்கே எனக்கு மேலதிகாரியாக வந்தவர் ஜெகதீசன், உடப்பு ஆள். என்னைவிடப் பதினொரு வயது இளையவர். ஆட்கள் முன்னால் நான் அவரை ‘சேர்’ என்பேன், தனியாக இருந்தால் ‘தம்பி’. அவர் எப்போதும் என்னை, எங்கள் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி, ‘நானா’ என்றுதான் சொல்வார். அந்த மரியாதையில் குறை வைக்கவே மாட்டார். அதுதான் இன்னும் எரிச்சல். ஏசினாலாவது திருப்பி ஏசலாம்.

அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. ‘பிழை’ என்ற சொல்லே அவர் வாயில் வராது. ஒரு சாமானைப் பற்றிச் சந்தேகம் வந்தால், வேலை மேசையில் வெள்ளைத் தாளொன்றை விரித்து, அதை அதன்மேல் வைத்துவிட்டு, “நானா, இது என்ன?” என்று கேட்பார். பிறகு காத்திருப்பார். நாம் சொல்லி முடிக்கும்வரை, அவருக்குப் போதும் என்று தோன்றும்வரை, அசையவே மாட்டார். வெளியே பத்துப் பேர் தங்கள் பைக்குக்காக நின்றுகொண்டிருப்பார்கள்.

நான் சேர்ந்த முதற்கிழமை அந்தத் தாளில் கிடந்தது ஒரு டிஸ்க் போல்ட்டு.

“போல்ட்டு” என்றேன்.

“ம்.”

“எட்டு மில்லிமீட்டர்.”

“ம்.”

“முன் டிஸ்க்குக்குப் போடுற.”

“தலையை வாசிச்சீங்களா?”

நான் அதுவரை ஒரு போல்ட்டின் தலையையும் வாசித்ததில்லை. அதில் வாசிக்க என்ன இருக்கிறது? கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தேன். 10.9 என்று மிகச் சின்னதாகப் பொறித்திருந்தது. முதல் எண், எவ்வளவு இழுத்தால் அது அறும் என்பதைச் சொல்கிறது. புள்ளிக்குப் பின்னால் வருவது, அறுவதற்கு முன் எந்தப் பங்கு வரை இழுத்தாலும் அது திரும்பத் தன் பழைய நீளத்துக்கு வரும் என்பதைச் சொல்கிறது. பத்தில் ஒன்பது பங்கு. ஹார்ட்வெயார் கடையில் நிறுத்துத் தருகிற போல்ட்டில் பெரும்பாலும் 4.8 என்றிருக்கும், அல்லது ஒன்றுமே இராது.

“கழுத்தைப் பாருங்க” என்றார்.

தலைக்குக் கீழே புரி இல்லாத ஒரு வழுவழுப்பான துண்டு இருந்தது. டிஸ்க்கின் தடிப்பு எவ்வளவோ, அந்தத் துண்டின் நீளமும் ஏறத்தாழ அவ்வளவு. ப்ரேக் பிடிக்கும்போது டிஸ்க் அந்தக் கழுத்தில்தான் சாய்கிறது. அந்த இடத்தில் புரி இருந்தால், டிஸ்க்கின் ஓட்டைக்கும் போல்ட்டுக்கும் நடுவில் இடைவெளி விழும். ஒவ்வொரு முறை பிடிக்கும்போதும் டிஸ்க் கொஞ்சம் முன்னே போகும், கொஞ்சம் பின்னே வரும். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம். போல்ட்டைக் கழற்ற அது போதும்.

இந்த விளக்கத்தைக் கேட்டுக்கொண்டு நிற்கையில் என் மனதில் ஓடியது ஒன்றுதான். சின்ன ஒரு ஆணிக்கு இவ்வளவு கதையா?

அவர் முறை இதுதான். கழற்றிய டிஸ்க் போல்ட்டைத் திரும்பப் பூட்டக் கூடாது, அது எவ்வளவு நன்றாக இருந்தாலும். கழற்றுமுன் சூடு காட்ட வேண்டும், ஏனென்றால் புரியில் பசை காய்ந்திருக்கும். சில்லின் நடுவிலிருக்கிற ஹப்பின் ஓட்டைக்குள் பழைய பசையையும் துருக் கறளையும் துப்புரவாக எடுத்து, காற்றடித்து, ஒரு கம்பியை உள்ளே விட்டு ஆழம் பார்க்க வேண்டும். புதுப் போல்ட்டு ஓட்டையின் அடியில் முட்டினால், கையில் இறுகியது போலத் தெரியும், ஆனால் டிஸ்க்கைப் பிடித்திருக்காது. அடுத்தது சவர்க்காரம். போல்ட்டின் தலையில் அரிசியளவு சவர்க்காரத்தை ஒட்டி, சில்லைப் பூட்டி, கையால் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். டிஸ்க்கை நெரிக்கிற கலிப்பரில் தலை உரசுமென்றால் சவர்க்காரத்தில் அடையாளம் விழும். எல்லாம் சரியென்றால், கழற்றி, புரியில் ஒரு சொட்டுப் பசை, எதிரெதிராக இரண்டு தடவையில் இறுக்குதல். அளவு காட்டுகிற ஸ்பானரால் மட்டும். கடைசியில் தலையிலிருந்து டிஸ்க்குக்கு மஞ்சள் மையில் ஒரு கோடு. போல்ட்டு அசைந்தால் கோடு முறியும்.

ஒருநாள் நான் முடித்துத் துடைத்து வைத்திருந்த சில்லொன்றை, கோடு ஐந்தில்தான் இருக்கிறது, ஆறாவதில் இல்லை என்பதற்காக முழுதாகக் கழற்ற வைத்தார். “மை முடிஞ்சிட்டுது தம்பி, இறுக்கினது எனக்குத் தெரியும்” என்றேன். “எனக்குத் தெரியாதே நானா” என்றார். அன்று வீட்டுக்குப் போய் மனைவியிடம், இந்த ஆளோடு இனி வேலை செய்ய ஏலாது என்று சொன்னேன். அதற்குப் பிறகும் பல தடவை அதையே சொன்னேன்.

இனி பாரூக்கின் விசயம்.

பாரூக் யாழ்ப்பாணத்திலிருந்து தொண்ணூறில் வந்து ஆலங்குடாவில் குடியிருந்தவர். விடியக் கரைக்குப் போய் மீன் எடுத்து, ரெஜிஃபோம் பெட்டியில் ஐஸ் போட்டுப் பின்னால் கட்டி, புத்தளம் தாண்டி எலுவன்குளம் வரை கொண்டுபோய் விற்பார். அங்கே வயல் பக்கத்துச் சனம் அவருடைய ஹோனைக் கேட்டுத்தான் உலை வைக்கும் என்று பெருமையாகச் சொல்வார். அவருடைய பழைய பைக் செத்துப்போனதும், யாரோ மழையில் போட்டு வைத்திருந்த காட்டுப் பாதைக்குத் தோதான உயரமான பைக்கொன்றை வாங்கினார். அது எங்களிடம் வந்தது மூன்று உரப் பைகளில். சட்டகத்தை மட்டும் தோளில் கொண்டுவந்தார்.

அதை நாங்கள் இரண்டு மாதமாகக் கட்டினோம். எஞ்சின் ஓடியது, விளக்கு எரிந்தது, ஆசனத்துக்கு உறை தைத்தாயிற்று. மிச்சமிருந்தது முன் சில்லு. டிஸ்க் நல்லது. ஆனால் பழைய ஆறு போல்ட்டில் இரண்டின் தலை கழற்றும்போதே முறிந்தது, மற்றவை கறளால் அரித்துப் பாதியாகியிருந்தன. கொழும்புக்கு எழுதினோம். முதல் பொதி வந்தது, வேறு மொடலுக்குரியது, நீளம் போதாது. இரண்டாவது வந்தது. பையில் எழுதியிருந்த எண் சரி, உள்ளே இருந்தது வேறு. மூன்றாவதுக்கு எழுதிவிட்டுக் காத்திருந்தோம்.

பாரூக் தினமும் வந்தார். வாசலில் கிடந்த கதிரையில் இருந்து தன் பைக்கையே பார்த்துக்கொண்டிருப்பார். அவருடைய வாடிக்கையாளரை வேறொருவர் பிடித்துவிட்டதாகச் சொன்னார். ஒருநாள் எழும்பி உள்ளே வந்து காகிதச் சுருளொன்றை என் கையில் வைத்தார். வள்ள எஞ்சின் சாமான் விற்கிற கடையில் வாங்கிய ஸ்டெயின்லெஸ் போல்ட்டுகள். கண்ணாடி மாதிரி மினுங்கின.

“இது கடலுக்குள்ளயே கிடக்குற சாமான் நானா. கறளே பிடிக்காது. என்ட பைக்குல ராப்பகலா மீன் தண்ணி வடியும். உங்கட கொழும்புச் சாமான் ஆறு மாசத்துல உக்கிப்போகும். யோசிச்சுப் பாருங்க.”

யோசித்துப் பார்த்தேன். அவர் சொன்னது எனக்கு நியாயமாகத்தான் பட்டது. பழையவை உக்கிப்போனதை என் கையாலேயே எடுத்துப் போட்டவன் நான். ஜெகதீசனிடம் கொண்டுபோனேன். அவர் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

“இது ஒரிஜினலை விடப் பலம் குறைஞ்சது. கழுத்தில்லை. ஹப் அலுமினியம். ஸ்டெயின்லெசும் அலுமினியமும் உப்புத் தண்ணியில ஒண்டா நிண்டா, போல்ட்டுக்கு ஒண்டும் ஆகாது நானா. ஹப்பிலதான் புரி கரையும்.”

“அப்ப அவர் என்ன செய்யிற, தம்பி? மனுசன் வயித்துப்பாட்டுக்கு நிக்கிறார்.”

“காத்திருக்கச் சொல்லுங்க.”

காத்திருக்கச் சொல்லுங்க. மாதச் சம்பளக்காரன் சொல்லக்கூடிய வார்த்தை. எனக்கு வந்த ஆத்திரத்தில் போல்ட்டுகளை அவர் மேசையிலிருந்து வாரிக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த கிழமை அவருடைய ஊர்க் கோயில் தீமிதி. நான்கு நாள் லீவில் போனார். அவர் போன அன்றும் பாரூக் வந்தார். நான் அவரை உள்ளே கூப்பிட்டேன்.

உண்மையைச் சொல்வதென்றால், அந்த வேலையைச் சந்தோசமாகத்தான் செய்தேன். போல்ட்டு நீளம் கூட, வாளால் அறுத்து அரத்தால் ராவினேன். தலை வரைக்கும் புரி. பசை போட்டேன், அளவு ஸ்பானரால் எதிரெதிராக இறுக்கினேன், மஞ்சள் கோடு ஆறிலும் போட்டேன். சவர்க்காரமும் வைத்துப் பார்த்தேன். அந்தத் தலைகள் ஒரிஜினலைவிட உயரம். சில்லைச் சுற்றியபோது ஒன்றில் மெல்லிய கீறல் விழுந்தது. கீறல்தானே, முட்டவில்லையே என்று பெருவிரலால் துடைத்துவிட்டேன். பாரூக் என் இரண்டு கையையும் பிடித்து, “அல்லாஹ் உங்களுக்கு நல்லது செய்வான்” என்று சொல்லிவிட்டு, பைக்கை முறுக்கிக்கொண்டு போனார்.

வேலைச் சீட்டில் நான் எழுதியது: டிஸ்க் போல்ட்டு, புதியது, ஆறு. அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

ஜெகதீசன் திரும்பி வந்து சீட்டுகளில் கையெழுத்து வைத்துக்கொண்டிருந்தார். பாரூக்கின் சீட்டில் கை நின்றது.

“கொழும்பிலயிருந்து வந்திட்டுதா நானா?”

“கிடைச்சிட்டுது” என்றேன்.

வழமையாக அவர் எழும்பிப் போய்ப் பைக்கைப் பார்ப்பார். பார்க்கப் பைக் அங்கே இல்லை. என் முகத்தைப் பார்த்தார். கையெழுத்து வைத்தார்.

மூன்றாவது பொதி இரண்டு கிழமை கழித்து வந்தது. அதைப் பிரிக்காமலே அலுமாரியின் பின்பக்கம் தள்ளிவிட்டேன். பாரூக்கைக் கூப்பிட்டு மாற்றியிருக்கலாம். ஒரு மணித்தியால வேலை. பைக்தான் நன்றாக ஓடுகிறதே என்று என்னை நானே சமாளித்தேன். இன்றைக்கும் என்மேல் எனக்கு ஆத்திரம் வருவது பூட்டியதற்கல்ல, அந்தப் பொதியைத் தள்ளிவைத்ததற்கு.

மாரி வந்தது, போனது. தை மாதமளவில், மாம்புரி வளைவில் மாடொன்று குறுக்கே வர, பாரூக் ப்ரேக் பிடித்திருக்கிறார். கழன்று வெளியே வந்திருந்த ஒரு போல்ட்டின் தலை கலிப்பரில் போய்க் குத்த, முன் சில்லு அப்படியே நின்றுவிட்டது. அவர் பெட்டியோடு முன்னே பறந்து ரோட்டில் விழுந்தார். முழங்கால் சிரட்டை உடைந்தது. மீன் ரோடெல்லாம் சிதறிக் கிடந்ததாம். மரக்கறித் தோட்டத்தில் நின்ற ஆட்கள் ஓடி வந்து தூக்கினார்கள்.

பைக் எங்களிடம் வந்தது. ஜெகதீசன் தானே சில்லைக் கழற்றினார். ஒரு போல்ட்டு இல்லை. கலிப்பரில் குத்தியது வளைந்திருந்தது, மற்ற நான்கும் வெறும் விரலாலேயே கழன்று வந்தன. ஹப்பின் ஓட்டைகளில் புரி இருந்த இடத்தில் வெள்ளையாகச் சுண்ணாம்பு மாதிரி ஒரு தூள். போல்ட்டுகளில் ஒரு பொட்டுக் கறள் இல்லை. வாங்கிய அன்று மினுங்கிய மாதிரியே மினுங்கின.

வெள்ளைத் தாளை விரித்தார். ஒன்றை வைத்தார்.

“நானா, இது என்ன?”

“ஸ்டெயின்லெஸ். தலையில இலக்கம் எழுபது, ஒரிஜினலை விடப் பலம் குறைவு. கழுத்தில்லை. நீங்க லீவில நிண்ட நேரம் நான் போட்ட.”

“கிடைச்சிட்டுது எண்டு சொன்னீங்க.”

“ஓம்.”

அவர் எழும்பிப் போய்க் குழாயில் கை கழுவினார். நெடுநேரம் கழுவினார். திரும்பி வந்து, “வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போவம்” என்றார்.

பாரூக் காலில் பாரம் தொங்கவிட்டுப் படுத்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி மாஹிரா நின்றார். நான் வாய் திறக்குமுன் பாரூக், “நான்தானே கொண்டு வந்து தந்த. நானாவ ஒண்டும் சொல்லாதீங்க” என்று ஜெகதீசனிடம் சொன்னார். கட்டிலின் சில்லுகளைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு வந்தேன்.

தலைமை அலுவலகத்திலிருந்து விசாரிக்க ஒருவர் வந்தார். நடந்ததை நடந்தபடி சொன்னேன். சவர்க்காரக் கீறலையும் சொன்னேன், அலுமாரியில் தள்ளிய பொதியையும் எடுத்துக்கொண்டு வந்து வைத்தேன். அவர் எல்லாவற்றையும் எழுதிவிட்டு, வேலைச் சீட்டைத் திருப்பி, “இந்தக் கையெழுத்து யாருடையது?” என்று கேட்டார்.

“என்னுடையது” என்றார் ஜெகதீசன்.

“பைக்கைப் பார்த்தீர்களா?”

“இல்லை.”

“ஏன் பார்க்கவில்லை?”

‘நானாவை நம்பினேன்’ என்று ஜெகதீசன் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான் குறுக்கிட்டு, “சேர், அவர்ல பிழையில்ல, நான்தான் ஏமாத்தின” என்றேன். விசாரிக்க வந்தவர் என்னைப் பார்த்து, கையெழுத்து என்றால் பார்த்தேன் என்று அர்த்தம், உங்களுக்கு அது தெரியாதா என்று கேட்டார்.

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்று. ஜெகதீசனைச் சேர்விஸ் பகுதியிலிருந்து எடுத்து, குருணாகலில் உதிரிப்பாகக் களஞ்சியத்தில் போட்டார்கள். ஆறு போல்ட்டைத் தவறாகப் பூட்டியவன் அதே இடத்தில் அதே வேலையில் நிற்கிறான், காத்திருக்கச் சொன்னவர் ஊர்விட்டு ஊர் போகிறார். இதில் எந்தப் பக்கம் நீதி என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. போகிற அன்று அவர் என்னிடம் ஒரு கடும் வார்த்தை சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். “மை முடியப் போகுது நானா, எடுத்து வச்சிருங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

சில மாதம் கழித்து ஒரு சின்ன லொறி வந்து கராஜ் முன்னால் நின்றது. முன்னிருக்கையிலிருந்து மாஹிரா இறங்கினார். பின்னால் பாரூக்கின் பைக். விசாரணை முடிந்ததும் அதை அவர்கள் வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தார்கள்.

“இவருக்கு இனி முழங்கால் மடங்காது. நான்தான் மீனுக்குப் போகப் போறன். என்ட தம்பிட ஸ்கூட்டர்ல பழகி லைசனும் எடுத்துட்டன். இத ஓடக்கூடிய மாதிரிச் செஞ்சு தாங்க.”

நான் அவரைக் கதிரையில் இருக்கச் சொன்னேன். இருக்கவில்லை. நின்றபடியே கேட்டார். நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அதிகாரி வேண்டாம் என்று சொன்ன போல்ட்டை, அவர் இல்லாத நாள் பார்த்துப் பூட்டியது, சீட்டில் சூட்சுமமாக எழுதியது, சரியான போல்ட்டு வந்த பிறகும் மாற்றாமல் விட்டது.

“எனக்குத் தெரியும்” என்றார் மாஹிரா. “ஆஸ்பத்திரியில நீங்க கட்டில் காலப் பாத்துக்கிட்டு நிண்டப்பவே விளங்கிச்சு. ரெண்டு ஆம்புளயளும் ரெண்டு கிழம பொறுக்க ஏலாம செஞ்ச வேல. அவரு நான்தான் நான்தான் எண்டுறாரு, நீங்க நான்தான் நான்தான் எண்டுறீங்க. அதால எனக்கென்ன பிரயோசனம்? என்ன போல்ட்டு போடப் போறீங்க, அத சொல்லுங்க.”

வெள்ளைத் தாளெடுத்து விரித்து, அலுமாரிப் பொதியிலிருந்து ஒரு போல்ட்டை வைத்தேன். தலையில் இருந்த எண்ணைக் காட்டினேன், கழுத்தைக் காட்டினேன். “இதுல கறள் பிடிக்குமா?” என்று கேட்டார். பிடிக்கும் என்றேன். “ஒவ்வொரு பின்னேரமும் நல்ல தண்ணியில கழுவோணும். பூட்டின பிறகு தலையச் சுத்தி நான் மெழுகுக் கிறீஸ் பூசித் தருவன். கறள் ஏறிச்செண்டா கொண்டு வாங்க, மாத்துவம். கறள் கண்ணுக்குத் தெரியும். மத்தது தெரியாது.”

அவர் தலையாட்டினார்.

போல்ட்டு கையில் இருந்தாலும் ஹப் போய்விட்டதே. கரைந்த ஓட்டைகளைத் துளைத்து, உள்ளே கம்பிச் சுருள் வைத்துப் புதுப் புரி எடுக்கலாமா என்று யோசித்தேன். முடிவெடுக்க முடியாமல் குருணாகலுக்கு அழைத்தேன். ஜெகதீசன் சொன்னது ஒரு வரிதான்: “ப்ரேக் இருக்கிற இடத்தில ஒட்டுவேலை வேணாம் நானா, ஹப் தேடுறன்.” எட்டு நாளில் பஸ்ஸில் ஒரு பெட்டி வந்தது. உள்ளே கழித்த பைக்கொன்றிலிருந்து எடுத்த ஹப், புரி சுத்தம். அதோடு புதிதாக ஆறு போல்ட்டும் வைத்திருந்தார். இரண்டு பொதியையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டேன். ஒரே எண், ஒரே கழுத்து. அப்படி ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று எனக்கு முன்பு ஒருபோதும் தோன்றியதில்லை.

கம்பிகளை ஒவ்வொன்றாகக் கோத்துச் சில்லைக் கட்டினேன். ஆழம் பார்த்தேன், சவர்க்காரம் வைத்தேன். கீறல் விழவில்லை. ஆனாலும் கழற்றி இன்னொரு தடவை வைத்துப் பார்த்தேன். புதிதாக வந்திருந்த மேலதிகாரி, எவ்வளவு நேரம் ஒரு சில்லோடு நிற்கிறீர்கள் என்று சத்தம் போட்டார். போடட்டும் என்று விட்டேன். சீட்டில் கையெழுத்து வைக்குமுன் அவர் கையைப் பிடித்துக் கூட்டி வந்து ஆறு மஞ்சள் கோட்டையும் எண்ண வைத்தேன். என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

பைக்கை எடுக்க இரண்டு பேரும் வந்தார்கள். பாரூக் பின்னால் ஏறி இருந்தார். மடங்காத கால் ஒரு பக்கம் நீட்டிக்கொண்டு நின்றது. இந்த நிலையில் எப்படிப் போவீர்கள், இறங்குங்கள் என்று எவ்வளவோ சொன்னேன். “அவ முதல்ல ஓடுற நேரம் நான் பின்னால இரிக்கோணும்” என்று ஒரே பிடி. பிடிவாதம் அந்த ஆளுக்குக் கூடப்பிறந்தது. என்னால் சும்மா விடவும் முடியவில்லை. என் பழைய பைக்கை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

மாஹிரா நிதானமாக ஓட்டினார். நுரைச்சோலை கழிந்தது. மாம்புரி வளைவு வந்தது. முன்னால் ஒன்றுமில்லை, மாடுமில்லை, ஆளுமில்லை. அந்த இடத்தில் அவர் வேண்டுமென்றே முன் ப்ரேக்கை அழுத்திப் பிடித்தார். பைக் முன்பக்கம் அமுங்கி, இம்மியும் சரியாமல், நேராக நின்றது. பாரூக்கின் கை அவர் தோளை இறுகப் பிடித்திருந்தது. “ம், சரி, போ” என்று பாரூக் சொன்னது எனக்குக் கேட்டது.

எனக்குக் கேட்டதற்குக் காரணம், நான் அவ்வளவு கிட்டப் போயிருந்ததுதான். இரண்டு ப்ரேக்கையும் முழுதாகப் பிடித்தும், இரண்டு காலையும் ரோட்டில் ஊன்றித் தேய்த்தும், என் பைக் நிற்கவில்லை. போய் அவர்களுடைய நம்பர் தகட்டில் டக்கென்று முட்டித்தான் நின்றது.

மாஹிரா திரும்பிப் பார்த்தார். முதலில் நெளிந்த தகட்டை, பிறகு என் பைக்கை, பிறகு என்னை.

“நானா, உங்கட பைக்குக்கு ஆரு ப்ரேக் பாக்குற?”

“நான்தான்” என்றேன்.

ஆஸ்பத்திரிக்குப் பிறகு பாரூக் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். சிரிப்பில் நீட்டிய கால் ஆட, “ஆடாம இரிங்க” என்று அவரை அதட்டிவிட்டு மாஹிரா ஆலங்குடாப் பக்கம் போய்விட்டார்.

ரோட்டோரத்தில் என் பைக்கைச் சாய்த்து வைத்து, பின் ப்ரேக்கைத் திறந்து பார்த்தேன். தேய்ந்து, வெறும் இரும்பு இரும்பில் உரசிக்கொண்டிருந்தது. எத்தனை மாதமாக அப்படி ஓடிக்கொண்டிருந்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. அதை ஓட்டிக்கொண்டு திரும்ப மனம் வரவில்லை. வெங்காயம் ஏற்றிக்கொண்டு வந்த லொறியொன்றை மறித்து, பைக்கை மூட்டைகளுக்கு மேல் ஏற்றி, கூடவே நானும் ஏறி இருந்து, பாலாவிக்குப் போய்ச் சேர்ந்தேன்.